டாம் தாம்சனும் அல்கான்குவின் காடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் டாம் தாம்சன் என்ற ஓவியரின் பெயரைச் சொன்னாலே, அவர் எப்படி இறந்தார் என்று கேட்பவர்கள்தான் அதிகம். அதற்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் ஒரு காட்டுக்குள் அவர் என்ன வேலை செய்தார், எதைப் பார்த்தார், பார்த்ததை எப்படி வரைந்தார் என்பதுதான் இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி. அவருடைய படங்களை நேசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு அதுதான் உதவும்.

டாம் தாம்சன் யார்?

1877 ஆகஸ்ட் 5 அன்று ஒண்டாரியோ மாகாணத்தின் கிளேர்மாண்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். இன்று ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளிலிருந்து காரில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய ஊர் அது. பத்துப் பிள்ளைகளில் ஆறாவது. கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் வடமேற்கே ஓவன் சவுண்ட் நகருக்கு அருகில் உள்ள லீத் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு பண்ணையில், ஜார்ஜியன் விரிகுடாவின் கரையில் வளர்ந்தார். 1917 ஜூலையில், 40 வயது நிறைவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது இறந்துபோனார்.

அவர் முழு மூச்சாக வரைந்தது ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள்தான். அதற்குள் சுமார் 400 சிறு பலகை ஓவியங்களும் 50 வாக்கில் பெரிய கேன்வாஸ் ஓவியங்களும் வரைந்திருக்கிறார்.

அவர் 'எழுவர் குழு'வைச் சேர்ந்தவர்தானே?

இல்லை. கனடாவின் வடக்கு நிலப்பரப்பை வரைந்து புகழ்பெற்ற அந்தக் குழு உருவானது 1920இல். தாம்சன் இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. ஆனால் லாரன் ஹாரிஸ், ஜே.இ.எச். மெக்டொனால்ட், ஏ.ஒய். ஜாக்சன், ஆர்தர் லிஸ்மர், ஃபிரெட் வார்லி, ஃபிராங்க் ஜான்ஸ்டன், ஃபிராங்க்ளின் கார்மைக்கேல் ஆகிய அந்த ஏழு பேருமே அவருடைய நண்பர்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால் 'எண்மர் குழு' என்றுதான் பெயர் வைத்திருப்பார்கள் என்பது பலருடைய கருத்து. எனக்கும் அதில் சந்தேகம் இல்லை.

ஓவியம் எங்கே படித்தார்?

பெரிய கலைக்கல்லூரி எதிலும் படிக்கவில்லை. 1899இல் ஓவன் சவுண்டில் ஓர் இரும்புப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்து சில மாதங்களில் விட்டுவிட்டார். பிறகு வணிகக் கல்லூரி. 1901இல் அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குப் போனார். அங்கே அவருடைய அண்ணன் ஜார்ஜ் ஒரு வணிகப் பள்ளி நடத்திவந்தார். அந்த ஊரில்தான் விளம்பரங்களுக்கு எழுத்து எழுதுவது, அச்சுக்குப் படம் செதுக்குவது ஆகிய வேலைகளில் கை பழகியது.

திரும்பி வந்து டொராண்டோவில் கிரிப் என்ற வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். அதுதான் அவருடைய பள்ளி என்று சொல்லலாம். மெக்டொனால்ட், லிஸ்மர், வார்லி, கார்மைக்கேல், ஜான்ஸ்டன் எல்லோரும் அந்த ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவர்கள். பகலில் விளம்பரம், வார இறுதியில் ஊருக்கு வெளியே போய்ப் படம் வரைவது என்று ஒரு பழக்கம் அந்த அலுவலகத்தில் இருந்தது. 30 வயது தாண்டிய தாம்சன் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். டாக்டர் வில்லியம் புரோடி என்ற இயற்கையியலாளர் தாம்சனின் உறவினர். செடி, பூச்சி, பறவை என்று சேகரிக்க அவரோடு தாம்சன் காடுமேடெல்லாம் சுற்றியிருக்கிறார். ஒரு மரத்தை 'ஏதோ ஒரு மரம்' என்று இல்லாமல், இன்ன இனம், இன்ன பருவம் என்று பார்க்கும் கண் அங்கிருந்து வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அவர் வரைந்த ஸ்ப்ரூஸ் மரமும் டாமராக் மரமும் தூரத்திலிருந்தே வேறு வேறாகத் தெரியும்.

வடக்குக் காடு அவரை எப்போது பிடித்துக்கொண்டது?

1912 மே மாதம். உடன் வேலை செய்த ஒரு நண்பரோடு முதன்முறையாக அல்கான்குவின் பூங்காவுக்குப் போனார். 1893இல் உருவான இந்தப் பூங்கா டொராண்டோவுக்கு வடக்கே சுமார் 250 கிலோமீட்டரில் இருக்கிறது. பரப்பு இன்று ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீட்டர். அப்போது சாலை கிடையாது. ரயிலில் போய் இறங்கி, அப்புறம் கனூ எனப்படும் ஒடுக்கமான துடுப்புப் படகில்தான் எங்கும் போகவேண்டும்.

அதே கோடையில் இன்னும் வடமேற்கே மிசிசாகி ஆற்றுப் பகுதியில் வில்லியம் பிராட்ஹெட் என்ற ஓவியரோடு நீண்ட படகுப் பயணம் போனார். வழியில் படகு கவிழ்ந்து, வரைந்த படங்களில் பலவும் எடுத்த புகைப்படச் சுருள்களும் தண்ணீரோடு போய்விட்டன. மிஞ்சியவற்றைப் பார்த்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் மெக்கல்லம் என்ற கண் மருத்துவர். படங்கள் இருண்டு, இறுக்கமாக இருந்தாலும் அவற்றில் பொய் இல்லை, வடக்கு இந்த மனிதரை ஆட்கொண்டுவிட்டது என்று அவர் பிற்பாடு எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. வேலையை விட்டுவிட்டு ஓராண்டு வரைந்து பார், செலவை நான் ஏற்கிறேன் என்று தாம்சனிடமும் ஜாக்சனிடமும் சொன்னார். தாம்சனுக்குத் தன் திறமையில் அவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை, தயங்கித்தான் ஒப்புக்கொண்டார்.

1913இல் 'ஒரு வடக்கு ஏரி' என்ற அவருடைய கேன்வாஸை ஒண்டாரியோ அரசு 250 டாலருக்கு வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய வாரச் சம்பளம் 35 டாலர் வாக்கில்தான்.

அந்தச் சிறு பலகை ஓவியங்களை எப்படி வரைந்தார்?

என்னைக் கேட்டால் தாம்சனைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்.

பலகையின் அளவு ஏறக்குறைய 21 × 27 சென்டிமீட்டர். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை விடச் சற்றே பெரியது. இதற்கென்று ஒரு மரப்பெட்டி உண்டு. திறந்து மடியில் வைத்துக்கொண்டால் கீழ்ப்பகுதி வண்ணம் குழைக்கும் தட்டு, மூடி படத்தைத் தாங்கும் சட்டம். வரைந்து முடித்த பலகையை மூடியில் உள்ள காடிகளில் செருகிவிடலாம். ஈர வண்ணம் எதிலும் ஒட்டாது. படகில் உட்கார்ந்தபடியே, பாறைமேல், கூடார வாசலில், எங்கே வேண்டுமானாலும் வேலை செய்யலாம்.

நேரம்தான் எதிரி. சூரியன் மறையும்போது மேகத்தின் அடியில் வரும் ஆரஞ்சு நிறம் சில நிமிடம்தான் நிற்கும். பென்சிலால் கோடு போட்டு, திருத்தி, யோசிக்க அவகாசம் இல்லை. அதனால் அவர் தூரிகையில் வண்ணத்தைக் கெட்டியாக எடுத்து ஒரே வீச்சில் வைத்தார். பல பலகைகளில் வெறும் மரமே நிறமாக வேலை செய்கிறது. பூச்சுக்கும் பூச்சுக்கும் நடுவே விட்ட இடத்தில் தெரியும் அந்தப் பழுப்பு, காய்ந்த புல்லாகவோ மரக்கிளையாகவோ மாறிவிடும். அருகே போனால் பச்சை, கருநீலம், ஊதா என்று வெறும் திட்டுகள். மூன்றடி பின்னால் வந்தால் காற்று அடிக்கிறது.

அச்சுப் புத்தகத்தில் இது தெரியாது. வண்ணத்தின் தடிமனும் தூரிகை மயிர் இழுத்த வரியும் நேரில் பார்த்தால்தான் தெரியும். இருட்டில், குளிரில், துருவ ஒளியைக்கூட அவர் இப்படி வரைந்திருக்கிறார். அந்தப் பலகைகளில் வானம் பச்சையாக ஆடிக்கொண்டிருக்கும், கீழே காடு ஒரே கறுப்புப் பட்டையாகக் கிடக்கும்.

குளிர்காலத்தில் டொராண்டோ திரும்பி, சில பலகைகளைத் தேர்ந்தெடுத்துப் பெரிய கேன்வாஸ் ஆக்குவார். முதலில் ஹாரிஸும் மெக்கல்லமும் கட்டிய ஸ்டுடியோ கட்டடத்தில் இடம் பகிர்ந்துகொண்டார். 1915–16 குளிர்காலத்திலிருந்து அதன் பின்னால் இருந்த மரக்கொட்டகையில் மாதம் ஒரு டாலர் வாடகையில் தங்கினார்.

காட்டில் இருந்த காலத்தில் வருமானத்துக்கு என்ன செய்தார்?

மீன் பிடிக்க வரும் விருந்தினர்களுக்கு வழிகாட்டியாகப் போனார். 1916இல் பூங்காவின் கிழக்குப் பக்கம் ஏக்ரே என்ற இடத்தில் காட்டுத்தீக் காவலராக வேலை பார்த்தார். மீன்பிடியில் தேர்ந்தவர், முகாமில் நன்றாகச் சமைப்பவர், மாண்டலின் வாசிப்பவர் என்று உடன் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். படங்களை வேண்டியவர்களுக்குச் சும்மாவே கொடுத்துவிடுவார். பணத்தில் பிடிப்பு இல்லாத மனிதர்.

அவருடைய வழக்கமான தங்குமிடம் கனூ ஏரிக் கரையில் மோவாட் என்ற குட்டி ஊர். ஏரியில் பனிக்கட்டி உடைவதற்கு முன்பே ஏப்ரலில் வந்துவிடுவார். நவம்பரில் பனி விழுந்த பிறகுதான் கிளம்புவார். மே, ஜூனில் கறுப்பு ஈக்கள் ஆளைக் கடித்துப் பிடுங்கும். அந்த மாதங்களிலும் அவர் அங்கேதான் இருந்தார்.

அவர் வரைந்தது மனிதர் காலடி படாத காடா?

அப்படி ஒரு பிம்பம் பரவியிருக்கிறது. அது சரியல்ல.

முதலாவது, அது ஆதியிலிருந்தே அல்கான்குவின் முதற்குடி மக்களின் நிலம். பூங்காவின் பெயரே அவர்களுடையதுதான். இரண்டாவது, தாம்சன் வந்து சேர்ந்தபோது அந்தக் காட்டின் உயர்ந்த வெண்பைன் மரங்களில் பெரும்பகுதி வெட்டப்பட்டிருந்தது. மோவாட் ஊரே கில்மோர் என்ற மர நிறுவனத்துக்காக எழுந்ததுதான். 1900 வாக்கில் அந்த நிறுவனம் நொடித்துப் போக, ஆலைக் கட்டடங்களும் மரத்தூள் மேடுகளும் மிஞ்சின. கட்டைகளை மிதக்கவிட அணை கட்டியதில் ஏரியின் நீர்மட்டம் உயர்ந்து, கரையோர மரங்கள் நின்றபடியே செத்தன. ஜே.ஆர். பூத் என்ற மர வியாபாரி போட்ட ரயில் பாதையில்தான் தாம்சனே வந்து இறங்கினார்.

இதையெல்லாம் அவர் மறைக்கவில்லை என்பதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது. தண்ணீரில் மூழ்கிச் செத்த சாம்பல் நிற மரங்கள், தீயில் கருகிய குன்று, அணையின் மதகு, ஆற்றில் கட்டைகளை ஓட்டிச் செல்லும் வேலை, அந்த வேலைக்குப் போகும் படகுகள் எல்லாம் அவருடைய படங்களில் உண்டு. கருகிய நிலத்தில் மறுபடி முளைக்கும் பிர்ச் கன்றுகளின் செவ்வூதா நிறத்தைத் தேடிப் போய் வரைந்திருக்கிறார். அவர் நேசித்தது இந்தக் காட்டை. அடிபட்டு, வெட்டுண்டு, மறுபடி வளர்ந்துகொண்டிருந்த காட்டை. அழகான காட்சி வேண்டி அதைத் துடைத்துச் சுத்தம் செய்ய அவருக்குத் தோன்றவில்லை.

பிற்காலத்தில் நாள்காட்டிகளிலும் அஞ்சலட்டைகளிலும் அச்சானவை பெரும்பாலும் தனிமரமும் ஏரியும் உள்ள படங்கள். மரம் வெட்டுகிறவர்கள் உள்ள படங்களை யாரும் சுவரில் மாட்டச் சொல்லிக் கேட்பதில்லை. 'ஆளில்லா வடக்கு' என்ற கற்பனை வளர்ந்ததில் அந்தத் தேர்வுக்குப் பங்கு உண்டு.

'ஜாக் பைன்' ஏன் அவ்வளவு பிரபலம்?

1916இல் தீக்காவலராக இருந்தபோது கிராண்ட் ஏரிக் கரையில் சிறு பலகையில் வரைந்தது. அடுத்த குளிர்காலத்தில் கொட்டகையில் பெரிய கேன்வாஸ் ஆனது. ஏறக்குறைய 128 × 140 சென்டிமீட்டர். பாறைமேல் ஒற்றை ஜாக் பைன் மரம், பின்னால் ஏரி, எதிர்க்கரைக் குன்றுகள், மாலை வானம். வானமும் நீரும் அகன்ற கிடைக்கோட்டுத் தீற்றல்கள். மரம் மட்டும் வளைந்து நெளிந்து தொங்குகிறது. அடியில் பூசிய சிவப்பு கிளைகளுக்கு நடுவே ஆங்காங்கே எட்டிப் பார்க்கும். அசையாத மாலையில் அந்த மரத்துக்கு உயிர் கொடுப்பது அந்தச் சிவப்புத்தான். ஒட்டாவா தேசிய கலைக்கூடம் 1918இல் இதை வாங்கியது. 1967இல் கனடாவின் அஞ்சல் தலையிலும் வந்தது.

இதன் ஜோடி போலச் சொல்லப்படுவது டொராண்டோவில் இருக்கும் 'மேற்குக் காற்று'. அதில் ஏரி கொந்தளிக்கிறது, மரங்கள் காற்றோடு மல்லுக்கு நிற்கின்றன. ஆனால் இரண்டையும் விட எனக்கு நெருக்கமானது 1915இல் முடித்த 'வடக்கு ஆறு'. கறுத்த ஸ்ப்ரூஸ் மரங்களின் சல்லடைக்குள் ஆறு வளைந்து மின்னுகிறது. விளம்பர நிறுவனத்தில் கற்ற அலங்காரக் கோடும் காட்டில் கற்ற வெளிச்சமும் அந்தப் படத்தில் ஒன்றாகிவிட்டன.

அத்தனை நிறங்களும் உண்மைதானா? மிகைப்படுத்தினாரா?

செப்டம்பர் கடைசியில் ஒருமுறை போய்ப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. மேப்பிள் இலைகள் உண்மையிலேயே அந்தச் சிவப்புத்தான். இரவுக் குளிரும் பகல் வெயிலும் சேரும்போது இலையில் பச்சையம் மறைந்து, சிவப்பு நிறமி உருவாகிறது. பிர்ச்சும் ஆஸ்பனும் மஞ்சளாகும். அக்டோபர் பிற்பகுதியில், மற்றதெல்லாம் உதிர்ந்த பிறகு, டாமராக் மட்டும் பொன்னிறமாக நிற்கும்.

ஆனால் அவரை இலையுதிர்கால ஓவியர் என்று மட்டும் நினைத்தால் பாதியைத் தவறவிடுவோம். பனி உருகும் மார்ச், ஏப்ரல் மாதங்களின் அழுக்கு வெள்ளை, நிழலில் தேங்கிய நீலம், நவம்பரின் ஈயச் சாம்பல் என்று யாரும் சுற்றுலா போகாத பருவங்களில்தான் அவர் கண் கூர்மையாகிறது. 1917 வசந்தத்தில், பருவம் மாறுவதை நாள்தோறும் ஒரு பலகை என்று பதிவு செய்ததாக அவரே சொன்னார் என்று பூங்காக் காவலர் மார்க் ராபின்சன் நினைவுகூர்ந்திருக்கிறார்.

திருமணம்?

செய்துகொள்ளவில்லை. கனூ ஏரியில் குடில் வைத்திருந்த ஹன்ட்ஸ்வில் ஊர்க் குடும்பத்தைச் சேர்ந்த வினிஃபிரெட் ட்ரெய்னருடன் நெருக்கம் இருந்தது. நிச்சயமாகியிருந்தது என்ற பேச்சும் உண்டு.

சரி, எப்படி இறந்தார்?

1917 ஜூலை 8, ஞாயிற்றுக்கிழமை. மதியவாக்கில் மோவாட்டிலிருந்து மீன்பிடிக்கத் தனியாகப் படகில் கிளம்பினார். அன்றே அவருடைய படகு கவிழ்ந்து மிதந்ததைப் பார்த்தார்கள். எட்டு நாள் கழித்து, ஜூலை 16 அன்று, உடல் ஏரியில் மேலே வந்தது. நெற்றிப்பொட்டில் ஒரு காயம் இருந்தது, கணுக்காலில் மீன்பிடி நரம்பு சுற்றியிருந்தது. மரண விசாரணை அதிகாரி வந்து சேர்வதற்குள் உடலை அடக்கம் செய்துவிட்டார்கள். அவர் மற்றவர்களின் வாக்குமூலத்தைக் கேட்டு, தற்செயலாக மூழ்கி இறந்தார் என்று முடிவு செய்தார். பின்னர் குடும்பத்தின் விருப்பப்படி உடல் தோண்டி எடுக்கப்பட்டு, லீத் கல்லறைக்குக் கொண்டுபோகப்பட்டது.

தேர்ந்த படகோட்டி அமைதியான ஏரியில் எப்படி மூழ்குவார் என்ற கேள்வியிலிருந்து கொலை, தற்கொலை என்று கதைகள் கிளம்பின. 1956இல் நான்கு பேர் மோவாட்டில் பழைய புதைகுழியைத் தோண்ட, எலும்புகள் கிடைத்தன. அவை தாம்சனுடையவை அல்ல, முதற்குடியைச் சேர்ந்த ஓர் இளைஞருடையவை என்று அரசு நிபுணர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகும் வாதம் ஓயவில்லை.

இந்த மர்மத்துக்குச் செலவாகும் காகிதத்தில் பாதியாவது அவருடைய வானங்களுக்குச் செலவாகியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. நண்பர்கள் செய்தது வேறு. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே மெக்டொனால்டும் ஜே.டபிள்யூ. பீட்டியும் கனூ ஏரியின் ஒரு மேட்டில், தாம்சன் விரும்பிக் கூடாரம் போடும் இடத்தில், கல் அடுக்கி ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அது இன்றும் இருக்கிறது.

படங்களை எங்கே பார்க்கலாம்?

ஒட்டாவாவில் தேசிய கலைக்கூடம், டொராண்டோவில் ஒண்டாரியோ கலைக்கூடம், கிளைன்பர்கில் மெக்மைக்கேல், ஓவன் சவுண்டில் அவர் பெயரிலேயே உள்ள கலைக்கூடம். குழந்தைகளோடு போவதானால் மெக்மைக்கேல் நல்லது. அவர் வாழ்ந்த அந்த மரக்கொட்டகையை 1962இல் அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். சுற்றிலும் மரங்கள் உண்டு, ஓட இடமும் உண்டு.

அல்கான்குவின் போனால் அவர் வரைந்த இடங்களைப் பார்க்க முடியுமா?

முடியும். கனூ ஏரிக்கு 60ஆம் நெடுஞ்சாலையில், மேற்கு வாசலிலிருந்து 14ஆம் கிலோமீட்டர் அருகே திரும்பவேண்டும். அங்கேயே படகு வாடகைக்குக் கிடைக்கும். கல் சின்னத்துக்குத் தண்ணீர் வழியாகத்தான் போகமுடியும். மதியத்துக்கு மேல் காற்று எழும்பும், அதனால் காலையிலேயே கிளம்புங்கள். உயிர்காப்பு அங்கியைப் படகில் போட்டு வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். 'ஜாக் பைன்' வரைந்த இடம் கிழக்குப் பக்கம் ஏக்ரேயில். அதற்கு வேறு வாசல் வழியாக, தனிப் பயணமாகத்தான் போகவேண்டும். அந்த மரம் இப்போது இல்லை, எதிர்க்கரைக் குன்றுகள் அப்படியே இருக்கின்றன. இலைநிறம் உச்சத்தில் இருக்கும் வார இறுதிகளில் கூட்டம் தாங்காது. கூடுமானால் வாரநாளில் போங்கள்.

பழைய பொருள் கடையில் அவருடைய பலகை கிடைக்க வாய்ப்பு உண்டா?

உண்டு என்ற ஆசையில்தான் போலிகள் விற்கின்றன. அவருடைய ஒரு சிறு பலகை 2009 ஏலத்தில் 27 லட்சம் கனடிய டாலருக்கு மேல் போனது. அதனால் போலிகளும் நிறைய. பல பலகைகளில் அவர் கையெழுத்தே போடவில்லை. இறந்த பிறகு மிஞ்சியவற்றில் 'டி.டி. 1917' என்று பொறிக்க மெக்டொனால்ட் ஒரு முத்திரை வடிவமைத்தார். ஆகவே 1917 என்று இருந்தால் அந்த ஆண்டு வரைந்தது என்று அர்த்தமில்லை. முத்திரை இருப்பதே அசல் என்பதற்குச் சான்றும் ஆகாது. பலகையின் பின்பக்கத்து எழுத்துகள், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறு, வண்ணத்தின் ஆய்வு மூன்றும் பொருந்தவேண்டும். அதனால் காசு கொடுப்பதற்கு முன் கனடியக் கலையில் தேர்ந்த ஒரு நிபுணரிடம் காட்டிவிடுங்கள்.